ஒன்பதாவது தாள்

ஒன்பது வருஷமாகக் கெஞ்சியும் கிடைக்காத ஒன்றை, யாரும் கேட்காத நேரத்தில் ஒருத்தன் கொண்டுவந்து கொடுத்தால் மாரீஸ்வரி முதலில் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். ஜூன் கடைசியில், மழை பிடித்த நாலாம் நாள் காலையில், ஜகந்நாதன் அண்ணாச்சி லட்டுப் பெட்டியோடு சந்துக்குள் வந்தார். "நம்ம ஸ்கூல நம்ம கைக்கே திருப்பிக் குடுத்துட்டான் சர்க்காரு" என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் அப்போது ஏழாவது ஈட்டு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆவி பறக்கும் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, லட்டை வாங்கிப் பலகைமேல் வைத்தாள். வாயில் போடவில்லை.

"என்ன மாரீஸ்வரி, சந்தோசமில்லையா?"

"சந்தோசந்தான் அண்ணாச்சி. இப்ப எதுக்குக் குடுக்கான்?"

"நம்மது. குடுக்கான்."

"நம்மதுன்னு இத்தன வருசமா அவனுக்குத் தெரியாதா?"

ஜகந்நாதன் சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். வாடகைக்கு ரூம் பிடித்துக் கொடுக்கிற தொழில் அவருக்கு. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரிந்தவர்.

பொருநை ஸ்கூல் தாராவியில் அந்தச் சந்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. தரைத்தளமும் அதற்குமேல் இரண்டு மாடியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் கிடங்குக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒருநாள் கூலி போட்டுக் கட்டியது. நன்றாகத்தான் நடந்தது. பிறகு அதை நடத்திய சங்கம் இரண்டாக உடைந்து, ஆபீஸ் ரூம் கதவில் இரண்டு செயலாளர்கள் இரண்டு பூட்டுத் தொங்கவிட்டார்கள். வாத்தியார்களுக்கு ஐந்து மாசம் சம்பளம் வரவில்லை. வழக்குக் கோர்ட்டுக்குப் போனது. கடைசியில், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அரசாங்கம் ஒரு அட்மினிஸ்ட்ரேட்டரைப் போட்டுப் பள்ளியைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது.

முதலில் வந்த அதிகாரி நல்ல மனுஷன். பெண்பிள்ளைகள் கக்கூஸுக்குக் கதவு போட்டுக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் வந்து போனார்கள். ஒருத்தர் முகமும் யாருக்கும் நினைவில்லை. கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றுப் போனார், அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவேயில்லை. ஆயிரம் பிள்ளைகள் இருந்த இடத்தில் முந்நூற்று நாற்பது ஆனது. போன வருஷம் பத்தாவதில் பாதிக்கு மேல் தோற்றுப்போனார்கள். பக்கத்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி எட்டாவதோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் தமிழில் படிக்க வேண்டுமென்றால் இதை விட்டால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மாரீஸ்வரியின் ஒரே மகள் மாலதி இங்கே ஒன்பதாவது படிக்கிறாள்.

பள்ளியைத் திருப்பி வாங்கி நடத்தப்போகிற புதுக் குழுவுக்குப் பதினோரு பேர். அதில் மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம். அந்த மூன்றில் ஒன்றாகத் தன் பெயரை ஜகந்நாதன் எழுதிக் கொடுத்தது ஏன் என்று மாரீஸ்வரிக்குத் தெரியும். ஊரில் ஐந்தாவதோடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டி எழுதுவாள், மராட்டி சுத்தமாகத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாவாட்டப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு இட்லி. அவள் புருஷன் வானமாமலை அதில் முக்கால்வாசியை அலுமினிய அண்டாவில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் என்று ஒரு சுற்றுப் போய் வருவான். மீதி சந்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். அதில் முப்பது இட்லியும் ஒரு தூக்குச் சட்னியும் தினமும் ஆறேமுக்காலுக்குப் பொருநை ஸ்கூல் வாத்தியார்களுக்குப் போகும். ரயிலேறி வருகிறவர்கள், வீட்டில் சாப்பிட்டு வர நேரம் இருக்காது.

அப்படிப் போகும்போதுதான் ஏப்ரல் மாசம் அவள் அந்த ஆட்களைப் பார்த்தாள். இரண்டு பேர். ஒருத்தன் சின்னச் சுத்தியலால் தூண் தூணாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். இன்னொருத்தன் மெஷினை வைத்துத் தூணுக்குள் துளை போட்டு, உருளை உருளையாகச் சிமெண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாள் போனபோது துளைகளைப் பூசியிருந்தார்கள். பழைய தூணில் இட்லி அளவுக்கு வட்டமாகப் புதுச் சிமெண்டு. ஐந்து தூணில் ஐந்து வட்டம். வாட்ச்மேனிடம் கேட்டாள். "பெயிண்ட் அடிக்கப் போறாங்களாம்" என்றான். பள்ளி திறந்து மழையும் வந்துவிட்டது. பெயிண்ட் வரவில்லை. இரண்டாம் மாடிக்குப் போகும் கிரில் கதவுக்குப் பூட்டுதான் வந்தது.

ஜூலை இரண்டாம் வாரம், ஒப்படைப்புக் காகிதங்களை ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் மராட்டி. முப்பத்தொன்றாம் தேதி ஹாலில் வைத்து எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஜகந்நாதன். படிக்கத் தெரியாதவளுக்குப் பார்க்கத்தானே முடியும். மத்தியானம் அரிசியை ஊறவைத்துவிட்டு மாரீஸ்வரி ஃபைலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்துத்தான் தெரியாது. மராட்டி எண் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக பஸ் நெற்றியைப் பார்த்து ஏறுகிறவள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக ஏதோ எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் கோத்திருந்த தாள்களின் மூலையிலும் எண் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று புரட்டிக்கொண்டே போனாள். எட்டோடு தீர்ந்துவிட்டது. எச்சில் தொட்டு மறுபடியும் புரட்டினாள். எட்டுதான்.

பக்கத்துச் சந்தில் அபுதாஹிரும் குழுவில் இருந்தார். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவர். அவரிடம் போய்க் கேட்டாள். அவரும் தன் ஃபைலை எடுத்துப் பார்த்தார்.

"எட்டுத்தான்மா இருக்கு. விட்டுப்போயிருக்கும்."

"பதினோரு பேருக்கும் ஒண்ணுபோலவா விட்டுப்போவும்?"

அபுதாஹிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபைலை இன்னொரு தரம் புரட்டினார்.

மறுநாள் காலை இட்லித் தூக்கோடு ஃபைலையும் கொண்டுபோனாள். தமிழ் டீச்சர் சஃபீனா பாண்டுப்பிலிருந்து வருகிறவள். கடையநல்லூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் பம்பாய். மராட்டி தண்ணீர் மாதிரி வரும். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் மாரீஸ்வரி ஃபைலை நீட்டினாள்.

"இந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

"அக்கா, இதுல என்னைய இழுக்காதீங்க. நாளைக்கு நீங்கதான் எனக்கு மேனேஜ்மென்ட். இன்னைக்கு அவங்க மேனேஜ்மென்ட். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எங்க நிக்கிறது?"

"ஒம்பதுன்னு போட்டிருக்கு. என்னன்னு மட்டும் சொல்லுங்க."

சஃபீனா வாசலைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது. "கட்டடத்த ஒன்பதாவது இணைப்புல இருக்கிற அறிக்கைப்படி, உள்ளது உள்ளபடியே ஏத்துக்கிறோம். இன்னைத் தேதியிலருந்து பிள்ளைகளோட பாதுகாப்புக்குக் குழுதான் முழுப் பொறுப்பு." படித்துவிட்டு ஃபைலை மூடினாள். "நான் வாசிச்சேன்னு சொல்லாதீங்கக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

மாரீஸ்வரி வீட்டுக்கு வரும் வழியில் பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். முதல் மாடி ஜன்னலில் பிள்ளைகள் தலை தெரிந்தது. மாலதியின் வகுப்பு அங்கேதான். கட்டடத்தின்மேல் விழுந்த மழைத்தண்ணீர் குழாய் வழியாக வராமல் சுவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வானமாமலை அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். பழைய சோறும் சுட்ட நெத்திலியும். அவன் கேட்டுக்கொண்டே ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளி ஓரமாக வைத்தான்.

"ஏளா, நமக்கு எதுக்கு இந்த லஃப்டா? பதினோரு பேருல நீ ஒருத்தி. பத்துப் பேரு போடுதான், நீயும் போடு."

"விழுந்தா?"

"ஒம்பது வருசமா விழாதது நீ கையெழுத்துப் போட்டதும் விழுந்துருமா?"

"அதத்தான் நானும் கேக்கேன். விழாதுன்னா அவனே வச்சுக்க வேண்டியதுதான. என்னைக்கு விழும்னு தெரிஞ்சுதான் தேதி போட்டுக் குடுக்கான்."

"ஏதாவது ஒண்ணுன்னா ஒனக்குச் சந்தேகம்." அவன் தட்டைத் தள்ளினான். "ஜகந்நாதன் நமக்கு இந்த ரூம் பிடிச்சுக் குடுத்த மனுசன். அவர பகைச்சுக்கிட்டு இந்தச் சந்துல மாவு கரைக்க முடியுமா? சொல்லு."

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். முடியாது என்று அவளுக்கும் தெரியும். சந்துக்குள் பேச்சு எப்படிப் பரவுமோ, இரண்டு நாளில் ஜகந்நாதன் வந்துவிட்டார். மத்தியானம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. அவர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சத்தத்துக்கு மேலாகப் பேசினார்.

"ஏ பிள்ள, ஒம்பதாவது தாளு ஒம்பதாவது தாளுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே."

"அதுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"கரண்டு பில்லு பாக்கி ஏதோ."

"கரண்டு பில்லுக்குத் தூணுல ஓட்டை போட்டாவளா?"

அவர் கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் சுற்றியது. உளுந்து பொங்கி விளிம்புக்கு வந்தது. அவள் கையைவிட்டு வழித்துவிட்டாள். பிறகு அவரே எட்டி ஸ்விட்சை அமர்த்தினார்.

"நீ கேட்டன்னு சொல்லுதேன். வெளிய விடாத. கட்டடம் சரியில்லன்னு ரிப்போர்ட்டு வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். நான் பாக்கல. கேள்விதான்."

"கேள்விப்பட்டா கேக்க வேண்டாமா?"

"கேட்டா என்ன ஆவும்? மறுநாளே சீல் வைப்பான். முந்நூத்து நாப்பது பிள்ளைய ரோட்டுல நிக்கும். இந்திப் பள்ளிக்கூடத்துல கொண்டு போடுவான். பத்தாவதுல இருக்கதுவ என்ன செய்யும்? ஒம் மவ என்ன செய்வா? நம்ம கைக்கு வரட்டும். வந்தப்புறம் பைய முட்டுக் கொடுப்போம், சரி பண்ணுவோம். ஏரியாவையே இடிச்சுக் கட்டப் போறான். அன்னைக்கு ஸ்கூலு நம்ம பேருல இருந்தாத்தான் புது எடம் நம்ம பேருக்கு வரும். அத யோசிச்சியா?"

அவர் சொன்னதில் பாதி நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. 'நம்ம பேரு' என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். அந்தப் பேர் யாருடைய பேர் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

"அதுவரைக்கும் பிள்ளைய எங்க இருக்கும் அண்ணாச்சி?"

"இப்ப எங்க இருக்கோ அங்கனதான்."

"ஒங்க பேரன் எங்க படிக்கான்?"

அவர் எழுந்துகொண்டார். பேரன் செம்பூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் என்பது சந்துக்கே தெரியும்.

அடுத்த நாளிலிருந்து சந்துக்குள் இட்லி மிஞ்ச ஆரம்பித்தது. ஐம்பது, எழுபது. மாரீஸ்வரி ஸ்கூலை மூட வைக்கப் பார்க்கிறாள் என்று பேச்சு. எவனோ ஒரு பில்டரிடம் காசு வாங்கிவிட்டாள் என்றும் பேச்சு. முத்துமாரி மட்டும் ஒருநாளும் தவறாமல் வந்து வாங்கினாள். நாலு வீடு தள்ளி இருக்கிறவள், மகன் ஏழாவது படிக்கிறான். மிஞ்சியதை உப்புமாவாக உதிர்த்துத் தாளித்து மூன்று பேரும் இரண்டு வேளை தின்றார்கள். மாலதி தட்டைப் பார்த்துவிட்டு, "மம்மி, பஸ் கரோ நா" என்றாள். போதும் நிறுத்து என்று அவள் சொன்னது உப்புமாவையா வேறு எதையுமா என்று மாரீஸ்வரி கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒங்க கிளாஸ்ல ஒழுகுதாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"லாஸ்ட் பெஞ்ச்கிட்ட ஒழுகும். பக்கெட் வச்சிருக்கோம். மேல இருந்து சுண்ணாம்பு விழும். டீச்சர் முன்னால தள்ளி உக்காரச் சொல்லிட்டாங்க."

முப்பத்தொன்றாம் தேதி காலையிலிருந்தே பெருமழை. சந்து வாசலில் முட்டியளவு தண்ணீர். கீழ்த்தள ஹாலில் மேசை போட்டு, பூ விரித்து, வடாபாவும் டீயும் வாங்கி வைத்திருந்தார்கள். கல்வி ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்திருந்தார். வேறு யாரும் வரவில்லை. மாலை போட வந்த ஜகந்நாதனிடம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, "சீக்கிரம் முடிங்க, ரயில் நின்னுரும்" என்று இந்தியில் சொன்னார். வாத்தியார்கள் சுவரோரமாக நின்றார்கள். வாசலில் பெற்றோர்கள் குடையோடு எட்டிப் பார்த்தார்கள். வானமாமலையும் நின்றான்.

ஜகந்நாதன் முதலில் போட்டார். பிறகு நாலைந்து பேர். அபுதாஹிர் போடுவதற்கு முன்னால் மாரீஸ்வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டார். எட்டாவதாக அவள் முறை.

"மேடம், ஒன்பது நம்பர் காகிதம் எங்கே?" இந்த ஒரு வாக்கியத்தை நாலு நாளாக இந்தியில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"ஆபீஸில் இருக்கிறது. பின்னால் அனுப்புவோம்."

"வந்த பிறகு போடுகிறேன்."

"இன்றைக்குள் முடிக்க வேண்டும் என்று ஆர்டர். போடாவிட்டால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. இன்னும் ஒன்பது வருஷம் ஆனாலும் ஆகும்." மேடம் கோபப்படவில்லை. பஸ் நேரம் சொல்வதைப்போலச் சொன்னார்.

ஜகந்நாதன் பின்னாலிருந்து பைய, "போடு தாயி" என்றார். வாசலில் எவளோ, "இவ ஒருத்தியால கெடப்போவுது பாரு" என்றாள். மாரீஸ்வரி தூணைப் பார்த்தாள். புதுச் சிமெண்டு வட்டம் ஈரத்தில் கறுத்துப்போய், கண்ணில் குத்துகிற மாதிரி நின்றது.

அவள் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் பேனாவை வைக்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். எழுதிப் பழக்கமில்லாத கை, ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் எடுத்தது. மேடம் தாளை இழுக்கப் போனார். மாரீஸ்வரி இடது கையை அதன்மேல் அகல வைத்துக்கொண்டு எழுதி முடித்தாள்.

மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ். சுவரோரம் பார்த்து, "இது என்ன எழுதியிருக்கிறது?" என்றார். பத்து வாத்தியார்களும் தரையைப் பார்த்தார்கள். மேடத்தின் கண் சஃபீனாவிடம் நின்றது. "நீங்கள் தமிழ் டீச்சர்தானே. படியுங்கள்."

சஃபீனா முன்னால் வந்தாள். ஜகந்நாதன் அவளை உற்றுப் பார்த்தார். 'நன்றி என்று எழுதியிருக்கிறாள்' என்று சொன்னால் முடிந்துபோகும். மாரீஸ்வரிக்கு ஒரு நொடி இவளும் அப்படித்தான் சொல்லப் போகிறாள் என்றே தோன்றியது. சஃபீனா முக்காட்டைச் சரி செய்துகொண்டு முதலில் தமிழில் வாசித்தாள், வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

"ஒன்பதாவது தாள் தரவில்லை. தூணில் ஓட்டை போட்டுப் பார்த்தீர்கள். கட்டடம் கெட்டது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் தருகிறீர்கள். தெரிந்துதான் வாங்குகிறோம். மாரீஸ்வரி வானமாமலை."

பிறகு ஒரு சொல் விடாமல் மராட்டியில் சொன்னாள்.

மேடம் டீ கிளாஸை எடுத்துக் குடிக்காமல் வைத்தார். பிறகு மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் வைத்திருந்த நாலு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றின் மூலையிலும் ஒன்பது.

"கேட்டால் கொடு என்றார்கள். கேட்காவிட்டால் கொடுக்க வேண்டாம் என்றார்கள்" என்றார் இந்தியில். "ஆபீஸில் இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். இப்போது நீங்கள் கேட்டது தாளிலேயே இருக்கிறது."

சஃபீனா அங்கேயே நின்று வாசித்தாள். மேல் இரண்டு மாடியும் ஆள் இருக்க ஆகாது. கீழ்த்தளத்துக்கு உடனே இரும்பு முட்டுக் கொடுத்து ஆறு மாசத்துக்குள் பழுது பார்க்க வேண்டும். தேதி மே மாசம் பன்னிரண்டு. பள்ளி திறப்பதற்கு ஒரு மாசம் முன்னால். வாசலில் நின்றவர்களில் நாலைந்து பேர் அப்போதே குடையை மடக்கிவிட்டு மாடிப்படியில் ஏறிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தார்கள். வானமாமலை எல்லோருக்கும் முன்னால் ஏறியிருந்தான்.

பள்ளி குழுவின் கைக்கு வந்தது, மூடவில்லை. சீல் வைக்கவும் யாரும் வரவில்லை. இனி வைக்க வேண்டியது குழுதான் என்று அப்புறம்தான் புரிந்தது. ஜகந்நாதன் மூன்று நாள் மாரீஸ்வரியிடம் பேசவில்லை. நாலாம் நாள் அவரே எங்கேயோ சொல்லி லாரியில் இரும்பு முட்டுகளைக் கொண்டுவந்து இறக்கி, நனைந்துகொண்டு நின்று ஒவ்வொன்றையும் நிறுத்தினார். நல்ல மனசா, நாளைக்கு இடம் கிடைக்கும்போது சொல்லிக்காட்டவா என்று மாரீஸ்வரியால் தீர்மானிக்க முடியவில்லை. அபுதாஹிர் ஜமாஅத்தில் பேசி அவர்கள் ஹாலை மத்தியானம் வரை வாங்கிக் கொடுத்தார். சின்ன வகுப்புகள் அங்கே போயின. பெரிய வகுப்புகள் கீழ்த்தளத்தில், காலை ஒரு ஷிஃப்ட், மத்தியானம் ஒரு ஷிஃப்ட். எந்த வகுப்பு எந்த அறை என்று குழு உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. நாற்பது பிள்ளைகளின் வீட்டில் எல்.சி. என்கிற மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் முத்துமாரி பாத்திரத்தோடு வந்து நின்றாள். மாரீஸ்வரி பத்து இட்லியை எடுத்து வைத்து, சட்னியைப் பையில் கட்டினாள்.

"மைனி, ஒண்ணு கேட்டாக் கோவப்படமாட்டியளே."

"கேளு."

"ஒம்பதாங்கிளாஸ வாசலுக்குப் பக்கத்துல இருக்க ரூம்ல போட்டிருக்காவ. ஏழாங்கிளாஸு உள்ள, கடைசி ரூம்ல. ஏதாவது ஒண்ணுன்னா வாசப்பக்கம் இருக்கதுவதான் மொதல்ல ஓடி வரும்." முத்துமாரி அவள் முகத்தைப் பார்க்காமல் கொப்பரையைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்க மவ இருக்கான்னு நீங்க சொல்லித்தான் போட்டாவன்னு பேசிக்கிடுதாவ."

"யாரு பேசுதா?"

"எல்லாருந்தான்."

பத்தாவதும் ஒன்பதாவதும் பரீட்சைக்குப் படிக்கிற வகுப்பு, வெளிச்சம் உள்ள அறை வேண்டும் என்றுதான் அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னாள். சொன்னது அவள்தான். எல்லோரும் சரி என்றார்கள். வெளிச்சத்துக்காகத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தவள், சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். அன்றைக்குச் சொல்லும்போது மனசுக்குள் முதலில் வந்தது வெளிச்சமா வாசலா என்று இப்போது அவளுக்கே நிச்சயமில்லை.

"ஞாயித்துக்கிழம கூட்டம் இருக்கு" என்றாள். "நீ வா. எல்லாரு முன்னாலயும் கேளு."

"ஒங்களயா?"

"என்னையத்தான்."

முத்துமாரி பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். பதினோரு வருஷமாக இங்கே இட்லி வாங்குகிறவள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நகர்வதற்கு முன்னால், மூடியைத் திறந்து பத்து இருக்கிறதா என்று விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தாள்.

மாரீஸ்வரி அவள் எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த ஈட்டை இறக்கினாள்.